கைராசிக்காரி

நம்பிரி சுகாதார நிலையம்,
தெற்கு மலாவி.
8 நவம்பர் 2024

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரியும். போனில் நான் வாயைத் திறந்ததுமே "மாமிகிட்ட குடுக்கேன்" என்று அம்மையிடம் கைமாற்றிவிடுவீர்கள். இனி அந்தத் தொல்லை இல்லை. இந்த ஊரில் சிக்னலே கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் ஆன்ட்ரூஸ் என்கிற டிரைவர் தடுப்பூசி எடுத்துவர ஜீப்பில் நகரத்துக்குப் போவார். நான் எழுதுவதை அவர் போட்டோ எடுத்து அங்கிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நீங்களும் தாளில் எழுதி அப்படியே அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம், அது அவர் போனில் சுற்றிக்கொண்டே கிடக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, தைரியமாகத் திட்டலாம்.

வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன். அம்மையிடம் முழுசாக வாசிக்க வேண்டாம். பிளாண்டயர் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்தார்கள். அம்மை துணியில் முடிந்து தந்த திருமண் மேலாகவே கிடந்தது. வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த பெண், கையில் வெள்ளைப் பொடி! அங்கிருந்த அதிகாரிகளின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. எங்கள் சாமி அய்யாவின் மண் என்றேன். குழைத்து நெற்றியில் நாமம் இட்டுக் காட்டினேன். நம்பவில்லை. நம் வீட்டில் நாமம் இட்டபிறகு ஒரு கிள்ளு நாக்கிலும் வைப்போமே, அந்தப் பழக்கத்தில் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்ததும் ஒரு பெண் அதிகாரி சிரித்துவிட்டாள். மற்றவர்களை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்து, "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். இங்கே கர்ப்பிணிகள்தான் ஆசைப்பட்டு மண் தின்பார்களாம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொன்னேன். அதற்கும் சேர்த்துப் பரிதாபப்பட்டாள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாக நடந்துபோ என்று அனுப்பினாள். இந்தக் கூத்தில் எனக்காக வந்த வண்டி போய்விட்டது.

பிறகு ஒரு பிக்அப் வண்டியில், சோள மூட்டைகளின் மேல், ஆடுகளோடு வந்தேன். வழியில் டயர் வெடித்தது. மாற்று டயரைப் பார்த்தால் அது அதைவிட மோசம். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஆடு என் துப்பட்டாவின் ஒரு முனையைத் தின்றுவிட்டது. பச்சைத் துப்பட்டா, நீங்கள் எடுத்துத் தந்தது. மன்னிக்கவும்.

வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை நிறைய இருக்கிறது, கை இரண்டுதான். உட்கார்ந்தால் எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது. இங்கே ஏரியில் பிடித்துக் காயவைத்த சிறு மீன் கிடைக்கிறது, நம் நெத்திலிக் கருவாடு மாதிரி. உங்கள் நெத்திலி அவியல் எப்படி வைப்பது என்று எழுதுங்கள். தினமும் சோளமாவுக் களி தின்று நாக்கு செத்துவிட்டது.

அம்மையின் காலில் கல் குத்தியது ஆறிவிட்டதா?

அன்புடன்,
நந்தனா

*

மயிலாடி,
17 நவம்பர் 2024

நந்தனா,

பூசைக்குப் போய் வந்து எழுதுகிறேன். உன் கடிதத்தின் மூலையில் ஒரு விரலும் சேர்ந்து வந்திருக்கிறது. ஆன்ட்ரூஸின் விரல் என்று வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

எழுதிவிட்டேன், ஆனால் அது பொய். அடித்துவிட்டு வேறு எழுதினால் நீ கண்டுபிடிப்பாய். ஆகவே கிடக்கட்டும்.

நீ புறப்பட்ட அன்று மாமி துணிமுடிச்சைத் தேடிக்கொண்டிருந்தார். அலமாரியில் திருமண் செப்பு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துத் தரலாம் என்று கையை நீட்டினேன். "ஏட்டி, நீ தொடாத. அத நம்ம ஆளுவதான் எடுக்கணும்" என்றார். நீ சூட்கேஸ் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தாய். உனக்குக் காது கேட்கும் என்பது எனக்குத் தெரியும். உன் அண்ணனைக் கட்டி ஐந்து வருஷம் ஆகிறது. கடற்கரைக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், தெரிந்துதான் கட்டிக்கொண்டு வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போவதை மாமி ஒருநாளும் தடுத்ததில்லை. அது வேறு விஷயம். ஆனால் என் கை வைத்த மீன்குழம்பு ஆகும், என் கை பட்ட மண் ஆகாது என்றால் அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது?

தக்கலை ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். உன் அண்ணன் மஸ்கட்டில், நீ மலாவியில். மாமியை யார் பார்ப்பது? சம்பளம் வாங்கிக்கொண்டு போனாலாவது ஊரில் சொல்லலாம். "ஒனக்க நாத்தூன் எங்க போயிருக்கா?" என்று கேட்கிறார்கள். ஒரு வருஷம் சம்பளமில்லாமல் நர்ஸ் வேலை செய்யப் போயிருக்கிறாள் என்றால் சிரிக்கிறார்கள்.

கால் ஆறவில்லை. நீ போகும்போது குத்தியது சிற்பக்கூடத்துச் சில்லு. தெருவெல்லாம் கிடக்கிறதே, அதுதான். குத்தியதே மாமிக்குத் தெரியவில்லை. செருப்பில் ரத்தம் பார்த்து நான்தான் சொன்னேன். சுகர் உள்ள கால், உனக்குத் தெரியாததா? தினமும் கழுவி மருந்து வைத்துக் கட்டுகிறேன். கட்டி முடித்ததும் மாமி சேலையை இழுத்து மூடிக்கொள்கிறார், யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல.

நெத்திலி அவியலுக்குத் தேங்காயும் பச்சைமாங்காயும் வேண்டும். இரண்டும் அங்கே கிடைக்காவிட்டால் அவியல் ஆசையை விட்டுவிடு.

கிரேசி

*

நம்பிரி,
6 டிசம்பர் 2024

அன்புள்ள மைனிக்கு,

திட்டு கிடைத்தது. ஆன்ட்ரூஸின் போனில் குறுக்கே ஒரு விரிசல் உண்டு, அது சரியாக "காது கேட்கும்" என்ற வரியின் மேல் ஓடுகிறது. இருந்தும் வாசித்துவிட்டேன். கேட்டது, மைனி. அவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும்.

மாங்காய் உண்டு, தேங்காய்தான் இல்லை. வேர்க்கடலை அரைத்துப் போட்டுச் செய்தேன். ஆன்ட்ரூஸ் மூன்று முறை வாங்கித் தின்றார். நீங்கள் பார்த்தால் தலையில் குட்டியிருப்பீர்கள்.

இங்கே பெரிய மானக்கேடு நடந்துவிட்டது. புதன்கிழமைதோறும் கர்ப்பிணிகளை மரத்தடியில் உட்கார வைத்துப் பேசுவேன். மண் தின்னாதீர்கள், வயிற்றில் பூச்சி வரும், ரத்தம் குறையும் என்று படம் காட்டி, வயிற்றைப் பிடித்து நடித்தும் காட்டுவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். போன வாரம் காலையில் என் அறை வாசலில் நின்று நாமம் இட்டு, வழக்கம்போல ஒரு கிள்ளு நாக்கில் வைத்தேன். தண்ணீர் எடுக்கப் போன இரண்டு பெண்கள் பார்த்துவிட்டார்கள். அன்றைய கூட்டத்தில் ஒருத்தியும் என் படத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் என் வயிற்றின் மேல்!

இப்போது ஊருக்கே நான் கர்ப்பிணி. மோட்டார் சைக்கிளில் ஏறவிடமாட்டேன் என்கிறார்கள். வாளியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். ஒரு கிழவர் வந்து, பிள்ளையின் தகப்பன் எங்கே, நான் பேசுகிறேன் என்றார். அதைவிட மோசம், இந்திய மண் நைசாக இருக்கிறதாம், கொஞ்சம் தா என்று ஆளுக்கு ஆள் கையை நீட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிவிடலாம். எஸ்னாத் என்று ஒருத்தி வருகிறாள், அவள் விஷயத்தில்தான் முடியவில்லை. ஏழு மாசம். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணிபோல ரத்தமே இல்லை. கறையான் புற்று மண்ணை மடியில் கட்டிக்கொண்டே திரிகிறாள். நான் திட்டினேன். "நீயும் தின்கிறாயே?" என்று கேட்டாள். அது ஆசைக்கு இல்லை, சாமிக்கு என்றேன். "எனக்கும் இது ஆசைக்கு இல்லை, இதில்லாவிட்டால் தூக்கம் வராது" என்றாள். கடைசியில் ஒரு பேச்சு பேசிக்கொண்டோம். அவள் பிள்ளை பெறும் வரை அவளும் தின்னக்கூடாது, நானும் தின்னக்கூடாது. இப்போது நெற்றியோடு நிறுத்திக்கொள்கிறேன். அம்மையிடம் சொல்லாதீர்கள்.

காலை மூடி வைக்க விடாதீர்கள், மைனி. விரல் நிறம் மாறுகிறதா என்று தினமும் பாருங்கள். இதை எழுதும்போதே எழுந்து நடக்க வேண்டும்போல் இருக்கிறது.

நந்தனா

*

மயிலாடி,
22 டிசம்பர் 2024

நந்தனா,

நீ சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். மாமி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நெத்தியில இருந்தா போதும், அய்யா கோவிக்கமாட்டாரு" என்றார். ஊரார் உன்னைக் கர்ப்பிணி என்கிற பாகத்தை நான் வாசிக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அறிவு உண்டு.

இனி எழுதப்போவதை நின்றுகொண்டு வாசிக்காதே, உட்கார்.

மாமியின் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்துவிட்டன. நான் தினமும் பார்த்தேன். முதலில் சிவப்பு, பிறகு நீலம் என்று அதுபாட்டுக்குப் போய்விட்டது. நீ நர்சிங் படித்த இடம் என்பதால் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன்னைத் தெரிந்த சிஸ்டர் ஒருவர் இருந்தார், நன்றாகப் பார்த்தார்கள். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இப்போது எடுத்தால் இரண்டு விரலோடு போகும். தாமதித்தால் கால். அதற்கும் தாமதித்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

மாமி கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். "எனக்க மவ வந்து நாமம் இட்டாத்தான் கத்தி வைக்க உடுவேன். அவளுக்க கைக்கு ராசி உண்டு" என்று ஒரே பிடிவாதம். உங்கள் அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்தபோது நீதான் இட்டாயாம், அவர் நடந்து வீட்டுக்கு வந்து, பிறகும் சில வருஷம் இருந்தாராம். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னார். நான் மாமியின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணன் போனில் கத்திப் பார்த்தார். "நீ ஆம்பள, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று மாமி வைத்துவிட்டார்.

சீழ் துடைக்கிற என் கைக்கு ராசி இல்லை. சரி. ராசி உள்ள கை இங்கே வரட்டும். எப்போது வருகிறாய்?

கிரேசி

*

27 டிசம்பர் 2024
நகரத்திலிருந்து

மைனி,

ஆன்ட்ரூஸோடு நானே நகரத்துக்கு வந்துவிட்டேன். உங்களிடமும் அம்மையிடமும் இப்போதுதான் போனில் பேசினேன். பேச்சா அது? "நீ வா மக்கா, வந்து இடு" என்று சொல்லிவிட்டு அம்மை அழ ஆரம்பித்துவிட்டார். நான் நர்ஸ் குரலில் பேசத் தொடங்கினேன், மகள் குரல் வந்துவிட்டது. நீங்களும் "ம்" என்பதற்கு மேல் பேசவில்லை. அதனால் இந்தக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடுப்பு வாங்கிவிட்டேன். அடுத்த வெள்ளி புறப்படுகிறேன். ஆனால் அதுவரை காத்திருக்கவே கூடாது. உடனே அட்மிட் செய்யுங்கள். அழட்டும், பிடிவாதம் பிடிக்கட்டும். இந்த அறியாமைக்கு நாம் இடம் கொடுத்தால் எப்படி? இங்கேயும் இதே கதைதான். எஸ்னாத்தின் ரத்தம் ஏறவே இல்லை. நகரத்து ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே போய்ப் படு என்றால், அவள் தாய்மாமன் சொன்னால்தான் போக முடியுமாம். இங்கே தாய்வழிக் குடும்பம், பெண்ணின் காரியத்தில் மாமன் வாக்குத்தான் வாக்கு. அந்த மாமன் ஜோகன்னஸ்பர்க்கில் கட்டட வேலை செய்கிறார். எங்கேயோ இருக்கிற ஒரு மனிதரின் வாய்க்காக இங்கே ஒரு உயிர் காத்துக் கிடக்கிறது. அந்த வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டேன். ஆன்ட்ரூஸ் மொழிபெயர்க்கவில்லை. "அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு, சிஸ்டர்" என்றார்.

நீங்கள் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள், மைனி.

நந்தனா

*

மயிலாடி,
30 டிசம்பர் 2024

நந்தனா,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிற அந்த மாமனைத் திட்டியிருக்கிறாய். நன்றாகத்தான் திட்டியிருக்கிறாய். அந்த மாமனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் சொல்லிவிடு.

அவர் வாய்க்காக அங்கே ஒருத்தி காத்திருக்கிறாள். உன் கைக்காக இங்கே ஒருத்தி காத்திருக்கிறாள். அறியாமை என்று எழுதியிருக்கிறாய். அறியாமை இருக்கிற வீட்டில்தான் நீ பிறந்தாய், அதன் மண்ணைத்தான் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருக்கிறாய்.

கண்டிப்பாக இருக்கச் சொல்கிறாய். எந்த உரிமையில்? "நீ யாருட்டீ?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்னிடம் பதில் கிடையாது. அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்தே ஐந்து வருஷமாக மெல்லப் பேசுகிறேன்.

ராத்திரி மாமி தூங்குவதில்லை. நானும் தூங்குவதில்லை. இரண்டு பேரும் தூங்குவதுபோலப் படுத்திருக்கிறோம். அறையில் அந்த வாடை வர ஆரம்பித்துவிட்டது. நான் சாம்பிராணி போடுகிறேன். எதற்கு என்று மாமி கேட்பதில்லை.

புத்திமதி போதும். வா.

கிரேசி

*

10 ஜனவரி 2025
நகர ஆஸ்பத்திரியிலிருந்து

மைனி,

உங்கள் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். இப்போது பதில் இருக்கிறது, கேளுங்கள்.

என்னால் வர முடியாது. போனில் சொன்னேன், "சரி" என்று வைத்துவிட்டீர்கள். என்ன நடந்தது என்றாவது சொல்கிறேன். மூன்றாம் தேதி பெட்டியோடு புறப்பட்டேன். நகரம் தாண்டி, பிளாண்டயர் போகிற வழியில் ஆற்றுப்பாலம் இல்லை. இந்த மழையில் போய்விட்டது. இரண்டு கரையிலும் மனிதர்கள் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். சுற்றுவழி ஒன்று உண்டென்று ஆன்ட்ரூஸ் திருப்பினார். ஜீப்பின் முன்சக்கரம் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. இரண்டு எருதுகளைக் கட்டி இழுத்து எடுத்தார்கள். என் பெட்டி தண்ணீரில் விழுந்து மிதந்துபோய் ஒரு கோரைப்புதரில் நின்றது. பாஸ்போர்ட் என் இடுப்பில் இருந்ததால் தப்பித்தது. திருமண் முடிச்சு கரைந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த துணியெல்லாம் இப்போது வெள்ளை. பாலம் சரியாக எத்தனை வாரம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நம்பிரிக்கே திரும்பினேன்.

புதன்கிழமை காலை எஸ்னாத்துக்கு வலி கண்டுவிட்டது, நாள் ஆகும் முன்பே. ரத்தம் நிற்கவில்லை. அப்போதும் அவள் அம்மா, மாமன் சொல்லட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். நான் கத்தவில்லை, மைனி. நான் பெயர்த்தெழுதி வைத்த உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. ஆன்ட்ரூஸிடம் போனைக் கொடுத்து, எப்போதாவது ஒரு கோடு சிக்னல் விழுகிற குன்றுக்கு ஓடி மாமனைக் கூப்பிடச் சொன்னேன். அவர் மூச்சு வாங்க இறங்கி வந்து, மாமன் சொன்னதை அந்த அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார். "நான் தூரத்துல இருக்கேன். அவ பக்கத்துல இப்ப யாரு நிக்காங்களோ, அவங்க வாய்தான் எனக்க வாய்." நம் ஊர்ப் பேச்சில் எழுதிவிட்டேன், மாமன் சொன்ன தோரணை அப்படித்தான் இருந்திருக்கும்.

பக்கத்தில் நின்றது நான். போகலாம் என்றேன். அவ்வளவுதான், எல்லோரும் சேர்ந்து தூக்கினார்கள். பெண் குழந்தை. சிறிசு. எஸ்னாத்துக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள், பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "இனி நாம் தின்னலாமா?" என்று கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பில் அழுகையும் சேர்ந்துவிட்டது.

இனி வருவது அம்மைக்கு. போனில் சொன்னால் அழுதே என்னை ஜெயித்துவிடுவார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். ஒரு வார்த்தையும் விடக்கூடாது.

அம்மே, நான் வர வழியில்லை. பாலம் போய்விட்டது. நான் வரும்வரை காத்திருந்தால் உனக்குக் கால் இருக்காது, ஒருவேளை நீயே இருக்கமாட்டாய். அப்பாவுக்கு நாமம் இட்ட அன்று எனக்குக் கைராசி இருந்தது என்கிறாய். நான் அன்று ஒரு நிமிஷம் நின்று இட்டேன், பிறகு காலேஜுக்குப் போய்விட்டேன். உன் காலை இந்த இரண்டு மாசத்துக்கு மேலாகத் தினமும் தொட்டது யார்? புண்ணைத் தொடலாம், மண்ணைத் தொடக்கூடாதா? அய்யா அப்படிச் சொல்லியிருக்கிறாரா? யாரிடமும் சாதி கேட்காதவர் அவர் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் நீதான். மைனி செப்பை எடுக்க வந்த அன்று நீ சொன்ன சொல் எனக்கும் கேட்டது. நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். உன் பக்கத்தில் நிற்கிற மைனியின் கைதான் என் கை. ராசி வேண்டுமானால் அதில் பார்த்துக்கொள்.

நந்தனா

*

நெய்யூர்,
19 ஜனவரி 2025

நந்தனா,

இரண்டு விரல் போயிற்று. கால் இருக்கிறது. மாமி இருக்கிறார். முதலில் இதை எழுதிவிட்டேன். இனி மெதுவாக வாசி.

உன் கடிதத்தை என்னை வைத்தே வாசிக்கச் சொன்னாயே, உனக்கு ஈவு இரக்கம் உண்டா? என்னைப் பற்றி நீ எழுதியதை நானே சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தினேன். "பொறவு? என்ன எழுதியிருக்கா, படி" என்றார் மாமி. முகத்தைப் போனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாசித்து முடித்தேன். மாமி வழக்கம்போல சாயந்திரம் விளக்கு ஏற்றினார், சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் படுத்தார். காரியம் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். காலையில் பார்க்கிறேன், மாற்றுச்சேலை மடித்துப் பையில் இருக்கிறது. மேலே திருமண் செப்பு. "ஆட்டோவ விளி" என்றார்.

நாமம் கீழேயிருந்து மேலே போக வேண்டும் என்று உங்களைப் பார்த்துத் தெரியும். ஆனால் பார்ப்பது வேறு, இடுவது வேறு. வழியெல்லாம் சேலைத் தலைப்புக்கு அடியில் என் கையிலேயே விரலால் இழுத்து இழுத்துப் பழகினேன். மாமி பார்த்தும் பார்க்காததுபோல வெளியே திரும்பிக்கொண்டார்.

தியேட்டருக்குக் கூப்பிடும் முன் மாமி தானே செப்பைத் திறந்து என் உள்ளங்கையில் வைத்தார். "பிடி. புருவத்து நடுவுல தொடங்கு. மேல போவணும், பயப்படாத" என்றார். தண்ணீர் தொட்டுக் குழைத்தேன். நெற்றியில் பெருவிரலை வைத்தேன். சுட்டது, காய்ச்சல் இருந்தது. மேலே இழுத்தேன், நன்றாக வந்தது. அப்புறம்தான் அது நடந்தது. சின்ன வயசில் தினமும் தூங்கப் போகும்முன் என் அம்மை என் நெற்றியில் சிலுவை போடுவார். நான் தங்கச்சிகளுக்குப் போட்டேன். நெற்றியில் பெருவிரல் பட்டால் அடுத்தது என்ன என்று அந்த விரலுக்குத்தான் தெரியும். நான் நினைக்கும் முன்பே அது குறுக்கே போய்விட்டது.

மாமிக்குத் தெரிந்துவிட்டது. நெற்றி மாமியுடையதல்லவா? "கண்ணாடி காட்டு" என்றார். உங்கள் வீட்டில் கண்ணாடி முன் நின்றுதானே கும்பிடுவீர்கள். அங்கே கண்ணாடி ஏது? போனில் முன்பக்கக் கேமராவைத் திறந்து பிடித்தேன். மாமி பார்த்தார். இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். எனக்கு அப்படியே ஓடிவிடலாம்போல் இருந்தது.

"தொடச்சிட்டு வேற இடட்டுமா மாமி?"

"சும்ம கெட. அவங்க விளிக்காங்க" என்றார். பிறகு போனை என் கையில் தந்துவிட்டு, "நெட்டுக்கோடு எனக்கு. குறுக்குக்கோடு ஒனக்க பங்குக்கு இருக்கட்டும். ரெண்டும் சேந்து காப்பாத்தட்டு" என்றார்.

தொப்பி மாட்ட வந்த சிஸ்டர் அந்த நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைக் கொஞ்சம் மேலே தூக்கி, அழியாமல் மாட்டினார். வண்டி உள்ளே போனதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமி வெளியே வரும்வரை எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையில் செப்பு அப்படியே இருந்தது.

எஸ்னாத்தையும் குழந்தையையும் பற்றி மாமி தினமும் கேட்கிறார். அந்தப் பெண்ணுக்கு நன்றாக முருங்கைக்கீரை கொடுக்கச் சொல்கிறார். அங்கே முருங்கை உண்டா?

இன்றைக்குக் காலையில் நாமம் இடச் செப்பை நீட்டினார். நான் கையை அடக்கி, நேராக மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். மாமி போனை வாங்கிப் பார்த்தார். "இது என்னத்துக்கு? அண்ணைக்கி இட்டதுபோல இடு" என்று திருப்பித் தந்தார். இட்டேன்.

ஆகையால் நந்தனா, பாலத்தை அவர்கள் சாவகாசமாகக் கட்டட்டும். நீ உன் வருஷத்தை முடித்துவிட்டு வா. அவசரப்பட்டு ஆற்றில் குதித்துவிடாதே. உன் கைராசியை இங்கே யாரும் தேடவில்லை.

உன் மைனி,
கிரேசி